முப்பத்தோராம் நாள்

கோவில்பட்டி முப்பிடாதி ஹாக்கியில் கோல்கீப்பர். அவள் கல்லூரியில் சேர்ந்த வருஷமே லீக் விதிப்படி சென்னை கிளப் ஒன்று தன் அணிக்கு அவள் பெயரைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஒப்பந்தமும் போடவில்லை, வேறு அணிக்கு ஆடவும் விடவில்லை. அவளுக்கோ ஒரே ஏக்கம். அக்கா வேலம்மாள் கோவில்பட்டி அணியில் தடுப்பாட்டக்காரி. அக்காவுக்கு இதுதான் கடைசி சீசன். ஒரு தடவையாவது அவளோடு சேர்ந்து ஆடிவிட வேண்டும்.

பி.காம். முடித்த பிறகு கிளப் மேனேஜர் தண்டபாணியிடம் போய்க் கேட்டாள்.

"விட முடியாதும்மா. எம்.காம். சேரு. கல்லூரியில இருக்கிறவரைக்கும் நீ எங்க ஆளு."

"கல்லூரியை விட்டுட்டா சார்?"

"அதுக்கப்புறம் முப்பது நாளைக்குள்ள நாங்க ஒப்பந்தம் போடணும். போடலேன்னா நீ எங்க வேணா போ. எனக்கே சட்டம் சொல்லித் தர்றியா?" என்று சிரித்தார்.

முப்பிடாதி மாற்றுச் சான்றிதழை மேஜையில் வைத்தாள். "இன்னைக்கு முப்பத்தோராம் நாள், சார்."

"எங்களுக்குச் சொல்லவே இல்லையே!"

"கல்லூரியை விட்ட அன்னைக்கே பதிவுத் தபால் போட்டேனே." ஒப்புகை அட்டையை நீட்டினாள். அதில் இருந்தது தண்டபாணியின் கையெழுத்தேதான். கடிதம் பிரிக்கப்படாமல் அவர் முன்னாலிருந்த குவியலில் கிடந்தது.

அடுத்த மாதம் கோவில்பட்டி மைதானத்தில் முதல் ஆட்டம். கோலில் நின்ற முப்பிடாதி, முன்னால் நின்ற அக்காவின் முதுகையே கண் கலங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா திரும்பிக் கத்தினாள்: "ஏட்டி, பந்தைப் பாரு!"