நடுக்கத்துக்கு மேளம் அடிச்ச ராஜா

கதவைத் திறந்து வச்சா மேகம் உள்ள வந்து உக்காந்துட்டுப் போகுமே, அந்த மாதிரி ஒரு மலையில பனிமொட்டைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊரு ராஜாவுக்கு மூணு செல்லப்பிராணி. கறுப்பின்னு ஒரு கிழட்டு நாய், சொக்குன்னு ஒரு பூனை, அப்புறம் ஒரு கிளி.

இந்த மூணையும் பாத்துக்கறவ பவுனு. கறுப்பி கண்ணு திறக்காத குட்டியா இருந்தப்பலேருந்து அவதான் வளர்த்தா. மார்கழி பொறக்குறதுக்கு முன்னாடியே தரையில பலகை போட்டு, அதுமேல காஞ்ச வைக்கோலு, அதுமேல சாக்கு, அதுமேல கம்பளின்னு கறுப்பிக்கும் சொக்குக்கும் படுக்கை போட்டுருவா. கிளிக்கூண்டைப் போர்வையால மூடிருவா. மூணுக்கும் வெதுவெதுன்னு தண்ணி வைப்பா.

அந்த வருஷம் அரண்மனைக்குப் புதுசா ஒரு மணியம் வந்தான். மணியம்னா சாமான் செட்டுக்கெல்லாம் பொறுப்பு. கொளஞ்சியப்பன்னு பேரு. அவனுக்குக் குளிருன்னா ஆகாது. மொத நாளு கறுப்பியோட கம்பளிய எடுத்து உடம்புல சுத்திக்கிட்டான். ரெண்டாம் நாளு கிளியோட போர்வைய எடுத்து அதுமேல சுத்திக்கிட்டான். மூணாம் நாளு சாக்கையும் வைக்கோலையும் அள்ளி உள்ள திணிச்சுக்கிட்டான். அவன் நடந்தா வைக்கோல்போரு நடக்குற மாதிரி இருக்கும், ரெண்டு மாடு பின்னாலயே போகும். ராஜா என்ன நினைச்சாரு தெரியுமா? நம்ம ஊரு தண்ணி மணியத்துக்கு ஒத்துக்கிச்சு, நல்லா சதை போட்டுட்டான்னு நினைச்சாரு.

மறுநாள் விடிஞ்சு ராஜா அரண்மனை முத்தத்துக்கு வந்தா, நாயும் கிளியும் பூனையும் வெடவெடன்னு ஆடுது.

"மணியம், இதுங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஆட்டம் ஆடுதுங்க மகாராஜா. கலை தெரிஞ்சவங்க வீட்டுல வளர்ற பிராணிதான் இப்படி ஆடும்."

ராஜாவுக்கு உச்சி குளுந்து போச்சு. உடனே மேளக்காரங்களைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னாரு.

பவுனு ஓடி வந்து, "சாமி, அது ஆடலீங்க, நடுங்குது"ன்னா. "இவளுக்குத் தாளம் தெரியாதுங்க"ன்னான் மணியம். "தாளம் தெரியாதவங்க ஓரமா நில்லுங்க"ன்னுட்டாரு ராஜா.

அடுத்த நாளு குளிரு தாங்காம சொக்கு சமையக்கட்டு அடுப்புல சூட்டுச் சாம்பலுக்குள்ள போய்ப் படுத்துக்கிச்சு. சமையக்காரம்மா பாக்காம நெருப்பு மூட்டிட்டாங்க. பாதி மீசை கருகி வெளிய பாஞ்சு ஓடுச்சு. மணியம், "இது தீயாட்டமுங்க"ன்னான். பவுனு மறுபடியும் சொன்னா, நடுங்குதுன்னு. மணியம் மறுபடியும் சொன்னான், தாளம் தெரியாதுன்னு. ராஜா மறுபடியும் ஓரமா நிக்கச் சொன்னாரு.

மூணாம் நாளு மேளம் அடிக்குது, கறுப்பி ஆடவே இல்ல. சும்மா சுருண்டு கிடக்குது.

"கறுப்பி ஏன் நிறுத்திட்டா?"ன்னாரு ராஜா.

"களைப்புங்க"ன்னான் மணியம்.

பவுனு ஓடி வந்து கறுப்பியத் தொட்டுப் பாத்தா. நடுங்குற வரைக்கும் உடம்பு குளிரோட சண்டை போடுதுன்னு அர்த்தம். நடுக்கம் தானா நின்னு போச்சுன்னா தோத்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம். அவ யாரையும் கேக்கல. கறுப்பியத் தூக்கிட்டுப் போயி ஈரத்தைத் துடைச்சு, தன்னோட மாத்துச் சேலையில சுத்தி, வயித்தோட அணைச்சுக்கிட்டா. "அடுப்புக்கிட்ட போடேன்"னாங்க சமையக்காரம்மா. "வேணாங்க்கா, மெதுவாத்தான் சூடு ஏறணும்"னா பவுனு. அப்படியே அசையாம உக்காந்திருந்தா. மத்தியானம் கறுப்பி திரும்பவும் வெடவெடன்னு நடுங்க ஆரம்பிச்சுது. பவுனு சந்தோஷத்துல அழுதுட்டா. சாயங்காலம் அவ கைய நக்குச்சு.

உண்மைய ரெண்டு தடவை சொல்லியாச்சு, ராஜா காதுல ஏறல. இவருக்கு ஆட்டம்தான் புரியும்னு பவுனு முடிவு பண்ணுனா. மறுநாள் காலையில போயி, "சாமி, எனக்குத் தாளம் தெரியாதுதான். ஆனா கறுப்பி கோவிச்சுக்கிட்டா. மணியம் ஆடிக் காட்டுனாத்தான் ஆடுவாளாம்"னா.

"நியாயந்தானே, ஆட்டம் தெரிஞ்சவன் அவன்தானே"ன்னாரு ராஜா. மணியம் முழிக்கிறான்.

"இத்தனை மூட்டையோட எப்படிங்க ஆடுறது?"ன்னா பவுனு.

சேவகருங்க உரிச்சாங்க. போர்வை வந்துச்சு, கம்பளி வந்துச்சு, சாக்கு வந்துச்சு, வைக்கோலு வந்துச்சு. ரெண்டு மாடும் அங்கயே நின்னு மேய ஆரம்பிச்சிருச்சு. கடைசியில முருங்கைக்காய் மாதிரி ஒரு ஆளு கோவணத்தோட நிக்கிறான்.

"இது யாரு, மணியம் எங்க?"ன்னு கேட்டாரு ராஜா.

"நான்தாங்க அது"ன்னான், பல்லு தந்தியடிக்குது. முழங்காலு ஆடுது, தாடை ஆடுது, காது கூட ஆடுது. "என்னா ஆட்டம், என்னா ஆட்டம்"னு ராஜா மேளத்தை வேகமா அடிக்கச் சொன்னாரு.

"சாமி, நான் ஆடல, நடுங்குறேன்."

"தாளம் தெரியாதவன் மாதிரி பேசாத."

"சத்தியமா நடுங்குறேங்க."

"இன்னும் வேகம்."

"நான் சொன்னது பொய்யிங்க. நாயும் ஆடல, கிளியும் ஆடல. அதுங்க போர்வையெல்லாம் நான்தான் எடுத்தேன்."

மேளம் நின்னுச்சு. "அப்ப நான் மூணு நாளா எதுக்குக் கைதட்டிக்கிட்டிருந்தேன்"னு ராஜா மெதுவாக் கேட்டாரு. அவரு எந்திரிச்சுப் போயி, தன்னோட சால்வைய எடுத்துக் கறுப்பிக்குப் போத்தி, பக்கத்துலயே ஈரத் தரையில உக்காந்துட்டாரு.

"இவனை என்ன செய்யலாம் பவுனு?"

"மொதல்ல அவருக்கு ஒரு கம்பளி குடுங்க சாமி, அவருக்கும் குளிருது"ன்னா பவுனு. "அப்புறம் வேலை குடுங்க."

அன்னையிலேருந்து கொளஞ்சியப்பன் பொழுது விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு, பனியில நடந்து, ஊருல இருக்கிற நாய்க்கெல்லாம் சாக்கு உதறிப் போடணும், பாதத்து ஈரம் துடைக்கணும், வீடு வீடாப் போயி அடுப்பைத் தட்டிப் பாத்துட்டு, "பூனை இல்லம்மா, நெருப்பு மூட்டிக்கோங்க"ன்னு சொல்லணும். பத்து வருஷம் சொன்னான்.

வாயில்லாத ஜீவன் நடுங்குனா அதுக்குக் குளிருதுன்னு அர்த்தம், அவ்வளவுதான். கதை மலை ஏறிப் போயிருச்சு, நீங்க காலை மூடிக்கிட்டுப் படுங்க.