இருபத்து நான்காவது குரோமோசோம்

செண்பகவல்லிக்கு நாற்பத்தாறு வயது. அவளுடைய ஆய்வு வழிகாட்டி இன்பராஜுக்கு முப்பத்தேழு. அவர் இவளை அக்கா என்பார், இவள் அவரை சார் என்பாள். ஆய்வுக்கூடத்தில் அதை யாரும் வேடிக்கையாகப் பார்ப்பதில்லை. பார்க்க ஆள் இருந்தால்தானே! அவளோடு சேர்ந்த மூன்று பேரும் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பக்கவாதத்தில் விழுந்த கணவரை இரண்டு வருடம் பார்த்து, அவரையும் பறிகொடுத்துவிட்டு இவள் ஒருத்தி திரும்பி வந்தாள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் எதிரே மூன்று காலி நாற்காலிகள். சோறு இறங்குவதில்லை.

அன்று இன்பராஜிடம் ஒரு கடிதத்தை நீட்டினாள். ஆய்விலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தது.

"முடியலீங்க சார். எல்லாரும் போயிட்டாங்க. ஒருத்திக்காக இந்தக் கூடத்தை எதுக்குங்க திறந்து வெச்சிருக்கணும்?"

"கையெழுத்துப் போடறேன். முதல்ல நோட்டைக் கொடுங்கக்கா."

அவளுக்கு வேலை நெல் நாற்றின் வேரில். நுனியை வெட்டி, சாயம் ஏற்றி, மெல்லிய கண்ணாடிக்கு அடியில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கி, பிரிகிற செல்களை எண்ண வேண்டும். நெல்லின் செல்லில் இருபத்து நான்கு குரோமோசோம்; பிரிவதற்கு முன் அத்தனையும் நடுவில் வரிசையாக வந்து நிற்கும். ஒரு மரபணு நன்றாக இருக்கும் நாற்று ஒரு பக்கம், அது கெட்டுப்போன நாற்று இன்னொரு பக்கம். அந்த மரபணுவுக்கு என்னதான் வேலை என்பது கேள்வி. நான்கு வருடமாக அது வாயே திறக்கவில்லை.

நோட்டில் பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து செல்களைச் சிவப்பு மையால் அடித்திருந்தாள்.

"இதெல்லாம் என்னங்கக்கா?"

"வீணாப்போன செல்லுங்க. இருபத்து மூணு குரோமோசோம் நடுவுல வரிசையா நிக்குது, ஒண்ணு மட்டும் ஓரத்துல கெடக்குது. நசுக்கறப்ப என் விரல் பட்டுச் சிதறியிருக்கும்."

இன்பராஜ் நோட்டைப் புரட்டினார்.

"மரபணு கெட்ட நாத்துல ஒண்ணுகூட அடிக்கலையே?"

"அதுல அப்படி வரலீங்க."

"விரல் அதே விரல்தானே?"

அவளுக்குச் சுரீரென்றது. அவர் கெட்ட நாற்றின் ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்தார்.

"என்ன தெரியுது?"

"பிரிஞ்சிருச்சுங்க. ஒரு பக்கம் ஒண்ணு குறையுது. வராத ஒண்ணை விட்டுட்டுப் பிரிஞ்சிருக்குது."

"அந்த நாத்து என்ன ஆகும்?"

"மூணாவது இலை விடறதுக்குள்ள வாடிருதுங்க."

அடுத்து நல்ல நாற்றின் ஸ்லைடை வைத்தார். ஓரத்தில் அந்த ஒன்று கிடந்தது. அவள் எத்தனையோ தடவை பார்த்து எரிச்சல்பட்ட அதே காட்சிதான். இந்த முறை ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் நின்றவற்றைப் பார்த்தாள். ஒன்றுகூடப் பிரிய ஆரம்பிக்கவில்லை.

"நிக்குதுங்க சார்." அவள் மைக்ரோஸ்கோப்பின் திருகை இன்னும் கொஞ்சம் திருப்பினாள். "அது வந்து சேரட்டும்னு இந்த மரபணு மொத்தத்தையும் நிறுத்தி வெச்சிருக்குது."

அவள் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"ஒண்ணுக்காக எவ்வளவு நேரம் சார் நிக்கும்?"

"அதைத்தான் அக்கா நீங்க இத்தனை நாளா அடிச்சுட்டே வந்திருக்கீங்க."