மூவாயிரம் வருடத்து அடிப்பிடிப்பு

கதை சின்னதுதான். கேட்டுவிட்டு நீங்கள்தான் தீர்த்துச் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தின் தெற்கே, சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவில் ஒரு சிற்றூர். ஆடு மேயும் ஒரு சரிவில் மூவாயிரம் வருடங்களுக்கு முன்னால் ஆட்கள் குடியிருந்த தடம் தெரிந்தது. ஊர்க்காரர்களே சேர்ந்து தோண்டினார்கள். கிடைத்த பானை ஓடுகளை வியாழக்கிழமைதோறும் ஆலயத்துக் கூடத்தில் உட்கார்ந்து கழுவுவார்கள். பிரிசில்லா என்கிற அம்மாள்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு.

அந்த ஊரில் நர்ஸாக இருந்த ஜெபாவைப் பார்க்க, மார்த்தாண்டத்திலிருந்து அவள் அம்மா பாக்கியமணி வந்திருந்தாள். வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்று மகள் கூடத்துக்குக் கூட்டிப் போனாள். பிரிசில்லா நெடுநேரம் என்னவோ விளக்கினார். ஜெபா போனைப் பார்த்துக்கொண்டே, “மண்ணு போகக் கழுவணுமாம், அவ்வளவுதாம்மா” என்றாள். பாக்கியமணியும் புரிந்த மாதிரி தலையாட்டினாள்.

பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றைக் கொடுத்தார்கள். அவள் கழுவின ஓடுகளைப் பார்த்து, “இத்தனை சுத்தமாக இங்கே யாரும் கழுவியதில்லை” என்றார் பிரிசில்லா.

இரண்டாம் வாரம், எதிரே உட்காரும் ஆர்தர் ஒரு தட்டைத் தூக்கி வந்தார். ஆடு மேய்த்து ஓய்ந்த மனிதர், மனைவி இல்லை; வியாழக்கிழமைக்காகவே வாரம் முழுக்கக் காத்திருப்பவர். எந்தத் தட்டை யார் கழுவினார் என்று குறிக்கும் சீட்டில் தன் பெயரை எழுதிவிட்டு, தேநீர் போடப் போனார்.

தட்டில் ஒரு பானையின் அடிப்பாகம். உள்ளே கன்னங்கரேலென்று தீய்ந்து ஒட்டியிருந்தது. கஞ்சி அடிப்பிடித்தது என்று பாக்கியமணிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ‘பாவம், எந்த மகராசியோ! பிள்ளை அழுததோ என்னவோ, அடுப்பை மறந்துவிட்டாள். நாளைக்கு இதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஊரே பார்க்கும். அவள் மானம் போகலாமா?’ டிபன் டப்பா கழுவ வைத்திருந்த கம்பி நாரைப் பையிலிருந்து எடுத்தாள். அந்தப் பெண்ணுக்காக ஜெபித்துக்கொண்டே வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். பானை பளிச்சென்று ஆனது.

அடுத்த வியாழன் பிரிசில்லா அதைக் கையில் எடுத்தார். முகம் வெளுத்துவிட்டது. “அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், துல்லியமாக எந்தக் காலத்தவர்கள், எல்லாம் அந்தக் கரியில்தான் இருந்தது. வேறு சான்றே நமக்குக் கிடைக்கவில்லை.” பானையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு சீட்டைப் பார்த்தார். “ஆர்தர்?”

“நான்தான். கண் சரியில்லை” என்றார் ஆர்தர்.

“இனி நீங்கள் கழுவ வர வேண்டாம்.”

ஆர்தர் தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

“என்ன மக்களே சொல்லுதாவ? அவரு ஏன் போறாரு?” என்று மகளிடம் கேட்டாள் பாக்கியமணி.

ஜெபா காதோடு சொன்னாள்.

“ஐயோ, நானில்லியா தேச்சது!”

“சத்தம் போடாதம்மா. நான் இந்த ஊர்ல தலைநிமிந்து நடக்க வேண்டாமா? அவரே ஒத்துக்கிட்டாரு, உனக்கென்ன?”

அன்று இரவு பாக்கியமணி ஜெபிக்க முழந்தாளிட்டாள். அடுத்தவள் மானத்தைக் காக்கப் போய், ஒரு நல்ல மனிதரின் மானத்தை வாங்கிவிட்டோமே என்று கூசிப்போனாள்.

விடிந்ததும் கம்பி நாரைக் கையில் பொத்திக்கொண்டு பிரிசில்லா வீட்டுக்குத் தனியாகவே போனாள். நாரைக் காட்டினாள், தன் நெஞ்சைத் தொட்டாள். “ஆர்தர் நோ. மீ.”

பிரிசில்லா ஆர்தருக்கும் ஜெபாவுக்கும் ஆள் அனுப்பினார். இருவரும் வந்தபோதும் அவர் தலை நிமிரவில்லை. “பிரஷ் அப்படி வட்டக் கீறல் போடாது; இவரைப் போல அழுத்தித் தேய்ப்பவர் இங்கே வேறு யாருமில்லை. நேற்றே எனக்குத் தெரியும். விருந்தாளியை எப்படிக் கேட்பது என்று ஆர்தரை அனுப்பிவிட்டேன்.” ஜெபா அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். இந்த முறை ஒரு சொல்லையும் விடவில்லை. பிறகு அழுதாள்: “கரியைத் தொடக் கூடாதுன்னும் அன்னைக்குச் சொன்னாங்கம்மா. நான்தான் பாதியை முழுங்கிட்டேன்.” ஆர்தரோ, “நான் தேநீரோடு திரும்பியபோது பாதிக் கரி மிச்சமிருந்தது. தடுக்க வாய் வரவில்லை. கோப்பையைப் பிடித்தபடி நின்றேன். அதனால்தான் பழியை ஏற்றேன்” என்றார்.

தேய்த்தவள் ஒருத்தி. பாதி சொன்னவள் ஒருத்தி. பார்த்து நின்றவர் ஒருவர். தெரிந்தும் வேறொருவரை அனுப்பியவர் ஒருவர். நால்வரும் “தப்பு என்னுடையது” என்கிறார்கள். இவர்களில் அதிகம் வெட்கப்பட வேண்டியவர் யார்?

விடை: தேய்த்தவள் அறியாமல் தேய்த்தாள். ஜெபா கவனமில்லாமல் விட்டாள். ஆர்தர் தயங்கினார், அதற்கு விலையும் கொடுத்தார். கீறலைப் பார்த்து உண்மை தெரிந்த பிறகும் குற்றமில்லாதவரை வெளியே அனுப்பியவர் பிரிசில்லாதான்; வெட்கம் அவருக்கே அதிகம். ஆனால் பாக்கியமணி இதை ஒப்பவில்லை. “அந்த ஒரு ராத்திரி நானும் தெரிஞ்சேதானே பேசாம இருந்தேன்” என்றாள். அடுத்த வியாழன் ஆர்தர் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பானையின் சீட்டில் அவர் பெயரை அடித்துவிட்டு, பாக்கியமணி தன் பெயரைத் தமிழில், தன் கையாலேயே எழுதி வைத்தாள்.