பாயசம் ருசி பார்த்தவர்கள்

கதை கேட்க வந்தவர்களே, காலை மடக்கி உட்காருங்கள். கரண்டியையே அளவுகோலாக வைத்திருந்த காலத்துக் கதை இது.

கூடல்வேலி என்று ஒரு நாடு. அதை மகுடவேந்தன் என்ற ராஜா ஆண்டான். அவனுக்குப் பயம் இரண்டு: ஒன்று விஷம், மற்றொன்று அநியாயம். விஷத்துக்காக, தான் சாப்பிடுமுன் ஒரு கரண்டி ருசி பார்க்க வைத்திலிங்கம் என்பவரை வேலைக்கு வைத்தான். அநியாயத்துக்காக, விசாரணை இல்லாமல் அரண்மனையில் யாரையும் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று சட்டம் போட்டான்.

வைத்திலிங்கம் ராஜாவின் பாயசத்தில் முதலில் ஒரு கரண்டிதான் குடித்தார். பிறகு யோசித்தார். விஷம் மேலே இல்லாவிட்டால் நடுவில் இருக்கலாமே? நடுவில் இல்லாவிட்டால் அடியில் இருக்கலாமே? ராஜவிசுவாசம் மிகுந்தவர். மேலேயும் குடித்தார், நடுவிலும் குடித்தார், அடியிலும் குடித்தார்.

ராஜாவுக்குப் போன கிண்ணத்தில் பாயசம் பாதிதான் இருந்தது.

"பாக்கி எங்கே?" என்றான் ராஜா.

"சமையல்காரி அங்கம்மையைக் கேளுங்கள் மகாராஜா. எனக்கு ஒரு கரண்டிக்கு மேல் தொண்டையில் இறங்காது" என்றார் வைத்திலிங்கம். சொல்லும்போது மீசையில் முந்திரித் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

விசாரிக்க மந்திரி வந்தார். குற்றத்தைக் கண்ணால் பார்த்தால் போதுமா? நாக்காலும் பார்க்க வேண்டாமா? ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, விசாரணை முடியவில்லை என்றார். மறுநாள் குடித்துவிட்டு, சந்தேகம் தீரவில்லை என்றார். அதற்கு மறுநாளும் குடித்துவிட்டு, குற்றவாளி அங்கம்மையே, அவளை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று தீர்ப்பு எழுதினார். கிண்ணத்தைச் சபைக்குத் தூக்கி வந்த காவல் தலைவன், "சத்தியமான தீர்ப்பு" என்றான். வழியில் அவனும் நாலு மடக்கு குடித்திருந்தான்.

அங்கம்மைக்கு அந்த அடுப்பைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. திருடி என்ற பேரோடு போனால் எந்த வீட்டிலும் அவளை அடுப்படிக்குள் விட மாட்டார்கள். சபையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஒரு வேளை சமைச்சுக் கொடுத்துட்டுப் போறேன் சாமி" என்றாள்.

ராஜா சரி என்றான்.

மறுநாளும் பாயசம் வழக்கமான வழியில்தான் வந்தது. வைத்திலிங்கம் ருசி பார்த்தார், மந்திரி சரி பார்த்தார், காவல் தலைவன் தூக்கி வந்தான். ராஜா கிண்ணத்தை எடுக்கும் நேரத்தில் அங்கம்மை தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"குடிக்காதீங்க சாமி. அடுப்புக்கு மேல இருந்த பல்லியைக் காணோம். பானையில விழுந்திருக்குமோன்னு பயமா இருக்கு."

ராஜா கிண்ணத்தைக் கீழே வைத்தான். பக்கத்தில் இருந்த வைத்தியர் தாடியைத் தடவினார்.

"ஒரு கரண்டி குடித்திருந்தால் ஒன்றும் செய்யாது. அதற்கு மேல் போயிருந்தால், உடனே ஒரு சொம்பு வேப்பிலைச் சாறு குடித்து வாந்தி எடுக்க வேண்டும். தாமதித்தால் என் கையில் இல்லை."

அங்கம்மை கையோடு சாறும் கொண்டுவந்திருந்தாள்.

வைத்திலிங்கத்துக்கு வியர்த்தது. சாற்றைக் குடித்தால் வேலை போகும், குடிக்காவிட்டால் உயிர் போகும். பாய்ந்து போய்ச் சொம்பைப் பிடுங்கினார். காவல் தலைவன் ஈட்டியைப் போட்டுவிட்டு அடுத்த சொம்பை எடுத்தான். மந்திரி மட்டும் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அங்கம்மை பக்கம் சாய்ந்து, "எனக்கு ஒன்று மிச்சம் இருக்கிறதா அம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

சபைக்கு வெளியே மூவரும் வரிசையாகக் குனிந்து நின்று கக்கினார்கள்.

அங்கம்மை ராஜாவின் கிண்ணத்தை எடுத்தாள். எல்லோரும் பார்க்க, மிச்சப் பாயசத்தை நிதானமாகக் குடித்து முடித்தாள். இத்தனை வருஷம் கிண்டியவளுக்கு அன்றுதான் அது வாய்க்கு எட்டியது.

"பல்லியும் இல்லை, கில்லியும் இல்லை சாமி" என்றாள்.

ராஜா மூவரையும் வேலையை விட்டு நீக்கினான். மந்திரி வாயைத் துடைத்துக்கொண்டு, "விசாரணை இல்லாமல் நீக்கக் கூடாது என்று தங்கள் சட்டமே..." என்று இழுத்தார்.

"விசாரணை முடிந்துவிட்டது மந்திரியாரே. முற்றத்தில் கிடக்கிறது, கழுவிவிட்டுப் போங்கள்" என்றான் ராஜா.

கேட்டவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நம்பிக் கொடுத்த வேலையைச் சாக்காக வைத்து வயிறு வளர்ப்பவன், பழியை யார் மேல் போட்டாலும் கடைசியில் தானே கக்கி மாட்டிக்கொள்வான்.