பன்னிரண்டாம் மாடிக்குத் தனியாகப் போன கேக்

ஆன்லைன் கடை மேலாளர் சாரநாதனுக்கு வாய் நீளம். "வருங்காலம் ஆளில்லா டெலிவரிதான்! அதுவரை பத்து நிமிஷத்துல பொருள் வரலேன்னா வேலை காலி" என்று டெலிவரி ஆட்களிடம் முழங்கினார். தலைமை அலுவலக அதிகாரிகளைத் தன் பன்னிரண்டாம் மாடி வீட்டுக்கு அழைத்துவந்து, அவர்கள் முன்னாலேயே கேக் ஆர்டர் போட்டார்.

எட்டாவது நிமிஷம் கேக்கோடு கீழே வந்து சேர்ந்தாள் டெலிவரிப் பெண் ரெஜினா. லிஃப்ட் அருகே பலகை: 'டெலிவரி ஆட்கள் ஏறக்கூடாது. சாரநாதன், குடியிருப்போர் சங்கச் செயலாளர்.'

கேக்கை மட்டும் லிஃப்டில் வைத்து, பன்னிரண்டை அழுத்திவிட்டு, போன் போட்டாள். சாரநாதன் பெருமையாக ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், ஆள் ஏறக்கூடாதுன்னு எழுதியிருக்கீங்க, நான் கீழேயே நிக்கிறேன். உங்க ஆளில்லா டெலிவரி லிஃப்டுல வருது. ஓடிப்போய் எடுத்துக்கோங்க, கேக்குக்குக் கால் கிடையாது."