திருமேனி ராயரின் பசையில்லா டோப்பா

பனிவரைக்கோட்டை என்று ஒரு மலைச்சீமை. அதை ஆண்டவர் திருமேனி ராயர். பெயர்தான் திருமேனி, தலையில் பேருக்கு ஒரு முடிகூடக் கிடையாது. அதனால் என்ன, வழுக்கையோடு எத்தனையோ பேர் கௌரவமாக வாழவில்லையா? இவருக்கு மட்டும் அது மானப் பிரச்சினை. பிசினைக் காய்ச்சித் தடவி, குதிரைவால் முடியில் கட்டிய டோப்பாவை ஒட்டிக்கொண்டுதான் சபைக்கு வருவார்.

மார்கழி பிறந்தது. பனியில் பிசின் இறுகி வெடித்தது. பாட்டுக்கு ராஜா தலையாட்டிக்கொண்டிருந்தபோதே டோப்பா கழன்று காதில் தொங்கியது. சிரித்தவனுக்குச் சவுக்கடி. சிரிப்பை அடக்கியவனுக்கு வயிற்றுவலி.

"எனக்கு மனுஷத் தலைமுடியில் டோப்பா வேண்டும்! பசை கூடாது, கழலவும் கூடாது. குளிருக்குக் கதகதப்பாகவும் இருக்க வேண்டும்!" என்று கத்தினார் ராஜா.

கூத்துக்காரர்களுக்கு டோப்பா கட்டுகிறவனைக் கூப்பிட்டார்கள். "தலை அளவுக்கு வலை பின்னி, முடியை நெருக்கமாகக் கட்டி, நாடா வைத்து இழுத்துவிட்டால் பசையே வேண்டாம் சாமி. ஆனால் நாலைந்து பேர் முடியாவது வேண்டும்" என்றான் அவன்.

"நாலைந்து பேரா! சுருட்டையா நீளமா, எது பொருந்தும் என்று ராஜா போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாமா? ஊர் முடி முழுவதும் வரட்டும்!" என்றார் பிரதானி பெத்தபெருமாள். ராஜா தும்மினால் தன் மூக்கைத் துடைத்துக்கொள்கிற ஆள் அவர். ராஜாவுக்குப் புல்லரித்துவிட்டது. நாளைக்கு ஆண்களின் குடுமி, மறுநாள் பெண்களின் கூந்தல் என்று தண்டோரா போட்டார்கள்.

சபையில் வாயாடி என்று பெயரெடுத்த வெயிலுகந்தான் வீட்டுக்கு வந்தால், மனைவி ஆவுடைத்தங்கம் முழங்கால் வரை தொங்கும் கூந்தலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அந்த வழுக்கைக்கு என் கூந்தல் கேக்குதா? பிள்ளை மாதிரி வளத்தேன். உங்க வாய்ச்சவடாலெல்லாம் சபையில மட்டுந்தானா?"

சொல்லும்போதே அவள் அழுதுவிட்டாள். வெயிலுகந்தானுக்கு வயிறெரிந்தது. ஒரு கிறுக்கன் அழகு பார்க்க, ஊர்ப் பெண்களெல்லாம் தலையை நீட்ட வேண்டுமா! "நாளைக்கு ஒருநாள் பொறு" என்றார்.

மறுநாள் நாவிதர் முன்னால் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவர் அவர்தான். ஊர்க் குடுமியெல்லாம் இறங்கியதும், "மொட்டை போட்டாச்சு, முழுகாம வீட்டுக்குப் போனா உள்ள விடுவாங்களா? வாங்கய்யா ஆத்துக்கு!" என்று ஊரையே கிளப்பினார்.

அந்தச் சீமையில் ராஜா செத்தால் ஆண்கள் எல்லாரும் மொட்டை போட்டு ஆற்றில் முழுகுவது வழக்கம். அக்கரையோ வேறொரு ராஜாவின் நாடு. அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"யாருக்குய்யா இத்தனை மொட்டை?" என்று ஒருவன் கத்தினான்.

"எங்க ராஜாவுக்காகத்தான்!" என்றார் வெயிலுகந்தான். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லையே!

அடுத்த நாள் காலை. அரண்மனை வாசலில் பெண்கள் வரிசை. முதலில் ஆவுடைத்தங்கம். நாவிதர் கத்தி தீட்டுகிறார். உள்ளே ராஜா, புதிதாகக் கட்டிய முதல் டோப்பாவைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் சொக்கிக் கிடக்கிறார்.

அப்போது அக்கரைத் தூதர், சாவுக்குப் போடும் கோடி வேட்டியும் மாலையுமாக வந்து நின்றார். ராயரை நேரில் பார்த்தறியாதவர்.

"பெரியவர் போய்விட்டாரே!" என்று மூக்கைச் சிந்தினார். பிறகு சிம்மாசனத்தைப் பார்த்தார். முகம் கோணியது. "ஊரே மொட்டை போட்டிருக்கிறது. பெற்ற பிள்ளை நீங்கள் சீவிச் சிங்காரித்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நல்ல பாசமய்யா!"

"யோவ்! நான்தான்யா திருமேனி ராயன்!"

"அவர் வழுக்கை. ஏழு ஊருக்கும் தெரியுமே!"

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. நாடாவை அறுத்து டோப்பாவைப் பிடுங்கி எறிந்தார்.

தூதர் முகம் தெளிந்தது. "இதுதான் பிள்ளைக்கு அழகு. உங்களுக்கும் மொட்டை சுத்தமாக இறங்கியிருக்கிறது. கவலைப்படாதீர்கள், அனுபவமில்லாத பிள்ளை தவிக்குமே என்று எங்கள் ராஜா படையோடு ஆற்றங்கரையில் நிற்கிறார். நாட்டை அவரே பார்த்துக்கொள்வார்."

ராஜாவுக்கு மார்கழியிலும் வேர்த்தது. "வெயிலுகந்தா! நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லித் தொலையேன்!"

"நானும் மொட்டை அரசே. என் பேச்சை யார் நம்புவார்? ராஜா செத்த ஊரில் பெண்கள் பூ வைக்க மாட்டார்கள் என்பது தூதருக்கும் தெரியும். வாசலில் நிற்கிற பெண்கள் தலைநிறையப் பூவோடு வரட்டும். பூ வைக்கக் கூந்தல் வேண்டுமே, முதலில் அந்தக் கத்தியைத் தூரப் போடச் சொல்லுங்கள். இனி ஒரு தலையை வழித்தாலும் படை உள்ளே வந்துவிடும்."

"போடுங்கடா கத்தியை! இனி எவளிடமும் ஒரு முடி கேட்க மாட்டேன்!" என்று அலறினார் ராஜா. அரண்மனைத் தோட்டத்துப் பூவெல்லாம் பறிபட்டது. ஆவுடைத்தங்கம் முன்னால் வர, ஊர்ப் பெண்கள் பூவும் சிரிப்புமாகச் சபைக்குள் நுழைந்தார்கள். தூதர் அசடு வழிந்து, மன்னிப்புக் கேட்டு, மாலையைச் சுருட்டிக்கொண்டு ஓடினார். அவர் போட்டுவிட்டுப் போன கோடி வேட்டியை ராஜா குளிருக்குத் தலையில் சுற்றிக்கொண்டார்.

அப்புறந்தான் அவர் கண்ணில் பட்டது: சபையில் குடுமியோடு நிற்கிற ஆண் ஒருவர்தான். பிரதானி!

"இந்தக் குடுமியைப் பிடித்து வழியுங்கடா!"

பிரதானி காலில் விழுந்தார். "ஐயோ அரசே! நானும் மொட்டை போட்டால், தாங்கள் போய்விட்டதாக அக்கரையில் மறுபடியும் நினைப்பார்களே!"

"நினைக்க மாட்டார்கள் பிரதானி" என்றார் வெயிலுகந்தான். "ராஜா நிஜமாகவே செத்தாலும் நீங்கள் மொட்டை போட மாட்டீர்கள் என்று அக்கரைக்கும் தெரியும்."

ராஜா சிரித்த சிரிப்பில் தலைவேட்டி அவிழ்ந்தது. அன்றைக்குச் சால்வை வெயிலுகந்தானுக்கு, சவரக்கத்தி பிரதானிக்கு.