வகுப்புக்குப் போன தாய்ப்பன்றி

மூங்கில் காட்டில், குட்டையோரம், வேம்பி என்ற காட்டுப்பன்றி தன் நான்கு குட்டிகளோடு வாழ்ந்தது.

அந்தக் காட்டில் ஒரு மைனா பள்ளிக்கூடம் நடத்தியது. வேம்பி தன் குட்டிகளை நாள் தவறாமல் அனுப்பும். "நான்தான் தற்குறி. என் பிள்ளைகளாவது படிக்கட்டும்!" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லும்.

ஆனால் குட்டிகள் தேறவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்டால், "எனக்கென்ன தெரியும்? போய் விளையாடு!" என்று வேம்பி விரட்டிவிடும். தாகம் என்றால் பாசி பிடித்த குட்டைக்கே கூட்டிப்போகும். மாதம் தவறாமல் யாருக்காவது வயிற்றுப்போக்கு!

ஒருமுறை கடைக்குட்டி மொட்டு எழுந்து நிற்கவே முடியாமல் துவண்டது. மைனா பறந்து வந்தது.

"தேங்கிய தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று போன வாரம்தானே சொன்னேன்?"

"அம்மாதானே குடிக்கச் சொன்னாள்!" என்று முனகியது மொட்டு.

வேம்பிக்குச் சுருக்கென்றது.

மைனா காட்டிய ஊற்றுத் தண்ணீரைக் குடித்து மொட்டு மெல்லத் தேறியது. மறுநாளே வேம்பியும் வகுப்பில் போய் உட்கார்ந்தது. பாதி இடம் அதன் உடம்புக்கே சரியாகிவிட்டது!

"அடேயப்பா! பேரன் எடுக்கும் வயதில் அரிச்சுவடியா?" என்று மரக்கிளையிலிருந்து கொண்டையன் குரங்கு சிரித்தது.

வேம்பிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் எழுந்து போகவில்லை. மாலையில் குட்டிகளோடு சேர்ந்து அன்றைய பாடத்தைச் சொல்லிப் பார்க்கும். குட்டிகளும் மளமளவென்று தேறின. வயிற்றுவலி என்ற பேச்சே இல்லை!

மழைக்காலம் வந்தது. கொண்டையன் பளிச்சென்ற வெள்ளைக் காளான் ஒன்றைப் பறித்துத் தன் மகளிடம் நீட்டியது. "சாப்பிடு கண்ணு!"

அதைப் பார்த்த வேம்பி பாய்ந்து வந்து காளானைத் தட்டிவிட்டது.

"என் பிள்ளை வாயிலிருந்து பிடுங்குகிறாயா!" என்று கொண்டையன் சீறியது.

"தண்டில் வளையம், அடியில் கிண்ணம்! பார், விஷக் காளான்!" என்றது வேம்பி. நான்கு குட்டிகளும், "ஆமாம், ஆமாம்!" என்று கத்தின.

கொண்டையன் மகளை வாரி அணைத்துக்கொண்டது. "ஐயோ, என் கையாலேயே ஊட்டியிருப்பேனே!"

மறுநாள் காலை கொண்டையன் தன் மனைவியோடு பள்ளிக்கு வந்தது. "கொஞ்சம் நகர்ந்து உட்கார், வேம்பி!" என்றது.

பெற்றவர் கற்கும் கல்வி, பிள்ளைக்கு அறிவும் ஆகும். உயிருக்குக் காவலும் ஆகும்.